கிணற்றில் கிடந்த துவக்கும் மூத்தம்மாவின் பாக்குவெட்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள். "சேர்ர வீட்டுக் கெணத்துக்குள்ள துவக்கு எடுத்தாங்களாம்" என்று போன கிழமை வட்சப் குழுமங்களில் ஓடிய கதைக்கு எங்கள் பதில் இது. ஓம், எடுத்தோம். ஒன்றுதான் எடுத்தோம். சாய்ந்தமருதில் ஒருவர் கேட்டதுபோல "ஒரு பெட்டி" எல்லாம் இல்லை.

எங்கள் வளவின் பின்பக்கத்தில் ஒரு பழைய கிணறு. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுவந்து கொட்டிய மண்ணோடு மூடியே கிடந்தது. வேறு கிணறு தோண்டிவிட்டதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வருடம் மழைநீரை விடலாம் என்று சகோதரர்கள் மூவரும் இரண்டு கூலியாட்களும் சேர்ந்து தோண்டினோம். அடியில் ஈரமணலோடு ஒட்டி வந்தது ஒரு செம்மண் கட்டி. முழங்கைக்குக் கொஞ்சம் குறைந்த நீளம். தட்டினால் இரும்புச் சத்தம். ஒரு பக்கம் வளைந்த பிடி, மறுபக்கம் குழல். அதே வாளியில் இன்னொரு துருக்கட்டியும் வந்தது, சிறியது.

உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். பார்த்த உடனே குந்திவிட்டா.

"இது வாப்பாட கைத்துவக்கு மனே. நான்தான் போட்ட."

முப்பத்தைந்து வருடமாக உம்மா இதை வாய் திறந்து சொன்னதே இல்லை. மூத்தாப்பா வட்டைக் காவலுக்குப் போகும்போது யானைக்கும் பன்றிக்கும் வெடிச்சத்தம் காட்ட வைத்திருந்ததாம். முன்பக்கத்தால் மருந்து இடிக்கிற பழைய சாதி. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்தது எங்கள் ஊருக்குத் தெரியவந்தபோது, மூத்தாப்பா அதை எடுத்துத் துடைத்து மருந்து இடித்துத் தலைமாட்டில் வைத்தாராம். உம்மாவுக்கு அப்போது எங்களில் மூத்தவர் வயிற்றில். "இயக்கம் வந்தாலும் இதக் கேக்கும், ஆமி வந்தாலும் இதக் கேக்கும். ஒரு வெடிதான் போகும், அதுக்குப் பொறகு நாங்க எல்லாரும் போற" என்று நினைத்து, அவர் சுபஹுக்கு எழும்ப முதல் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டிருக்கிறா. குனிந்தபோது மடியில் இருந்த பாக்குவெட்டியும் விழுந்துவிட்டது. பாக்குவெட்டி மூத்தம்மாவின் சீதனச் சாமான். துவக்கு தொலைந்ததைப் பற்றி மூத்தாப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். பாக்குவெட்டியைத் தொலைத்ததற்கு மூத்தம்மா மௌத்தாகும் வரை ஏசினாவாம்.

இனி எங்கள் மடத்தனத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

துருப்பிடித்த பழைய துவக்கைக் கழுவிப் பளபளவென்று ஆக்கிச் சுடுகிற காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் மூவரில் ஒருவர் (யார் என்று சொல்ல மாட்டோம், ஊருக்கே தெரியும்) அதைத் திரும்ப வேலை செய்ய வைப்பது என்று நின்றார். வினாகிரியில் ஊறப்போடுவது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது, இறுகிய சுத்தியலைக் கொல்லன் பட்டறையில் சூடுகாட்டி இளக்குவது. மூத்தாப்பாவின் ஞாபகம், ஒரே ஒரு தரம் வெடிச்சத்தம் கேட்டால் போதும் என்பது அவர் கதை. மற்ற இருவரும் பெரிதாக மறுக்கவும் இல்லை. ஆசை எங்களுக்கும் இருந்தது.

பக்கவாட்டில் சுத்தியல், அது விழுகிற இடத்தில் ஒரு சிறு குழாய்முனை. அந்த முனையில் செப்புக் கேப்பு ஒன்றை மாட்டி வெடிக்க வைப்பார்கள். அதற்கு முந்திய துவக்குகளில் சக்கிமுக்கிக் கல் பொறி தட்டும். அந்தப் பொறியைக் கண்டு பறவைகள் குண்டு வருமுன்னே பறந்துவிடுகின்றன என்று சலித்துப்போன அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார்தான், தட்டினால் வெடிக்கும் மருந்தைப் பாவிக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை எடுத்தார். கேப்பு அதற்குப் பின்னால் வந்தது. பாதிரியார் வாத்துச் சுடக் கண்டுபிடித்தது எங்கள் வட்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

ஒன்றரை நாள் அந்தக் கட்டி மதில் மேல் வெயிலில் காய்ந்தது. பக்கத்தில் பிள்ளைகள் பந்தடித்தார்கள்.

பட்டறைக்குக் கொண்டுபோக இருந்த பின்னேரம், வட்டைக் காவலில் கிழடாகிப்போன எங்கள் மாமா ஒருவர் வந்தார். கட்டியைத் தூக்கவே விடவில்லை. "உள்ளுக்கு மருந்து கெடக்கா எண்டு பாத்தீங்களாடா?" என்று ஓர் ஈர்க்கை எடுத்து, மண்ணைக் கிண்டிக் குழலுக்குள் விட்டார், தன் முகத்தை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு. ஈர்க்கு நின்ற இடத்தில் நகத்தால் அடையாளம். பிறகு அதே ஈர்க்கைக் குழலின் வெளிப்பக்கத்தில் வைத்தார். சுத்தியல் விழும் இடம் மட்டும் போக வேண்டிய ஈர்க்கு மூன்று விரல் கட்டை குறைவாக நின்றது.

அடியில் ஏதோ அடைத்திருக்கிறது. மண்ணாகவும் இருக்கலாம். ஆனால் மூத்தாப்பா மருந்து இடித்துத் தலைமாட்டில் வைத்தார் என்று உம்மா முந்தின நாள்தான் சொல்லியிருந்தா. கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் மூன்று பேரும் படித்தவர்கள்.

பழைய துவக்கு மருந்து வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது. தண்ணீர் போனால் வெடியுப்புக் கரையும், மருந்து செத்துவிடும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் முன்னால் இறுக்கி அடைத்த தக்கையும் அதன் மேல் வளர்ந்த துருவும் சேர்ந்து மூடியாகிவிட்டால் உள்ளே என்ன நிலை என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. நனைந்த மருந்து காய்ந்த பிறகு திரும்பப் பற்றுவதும் உண்டு. பட்டறை நெருப்பில் வைத்திருந்தால் கேப்பே தேவைப்பட்டிராது.

அதை மெதுவாகத் தண்ணீர் வாளிக்குள் இறக்கி, பிள்ளைகளை அடுத்த வளவுக்கு அனுப்பிவிட்டு, 119க்கு அழைத்தோம். உண்மையைச் சொன்னால் அழைக்கக் கை கூசியது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு குர்பான் கத்தியைக் கூடப் பயத்தில் ஆற்றில் எறிந்தவர்கள் உள்ள ஊர் இது. முஸ்லிம் வாத்தியார் வீட்டில் துவக்கு என்றால் என்ன செய்தி போகும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் தோண்டி எடுத்த அன்றே அறிவித்திருக்க வேண்டும், அது எங்கள் பிழை. 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். வேலை செய்ய வைக்க நினைத்ததே சட்டத்துக்கு வெளியே போகிற வேலைதான். வந்தவர்கள் மரியாதையாக நடந்தார்கள். வாக்குமூலம் எடுத்து, மண் நிரப்பிய பெட்டியில் கொண்டுபோனார்கள். உள்ளே மருந்தும் ஈயக் குண்டும் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். கதை அவ்வளவுதான், குழுமங்களில் பரப்பியவர்கள் இதையும் பரப்பலாம்.

மிஞ்சியது பாக்குவெட்டி. துவக்குக்காக வாங்கிய சலவைச் சோடாவும் சும்மா கிடந்தது.

இங்கே பள்ளிக்கூடப் புத்தி வேலை செய்தது. உப்புத் தண்ணீரில் கிடந்த இரும்பை வெறுமனே காயவிட்டால், உள்ளே ஏறிய குளோரைட்டு திரும்பத் திரும்பத் துருவாக்கி, பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடும். 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஒல்லாந்தர் கப்பல் அவொண்ட்ஸ்டரிலிருந்து எடுத்த பொருட்களைக் காலியில் தொட்டிகளில் ஊறப்போட்டு வைத்திருந்ததும் இதனால்தான். அந்தக் கூடத்தையும் எங்கள் கிணற்றை மூடிய அதே கடல்தான் அதே காலையில் அழித்தது.

பிளாஸ்டிக் வாளியில் மழைநீர், நான்கு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, அதாவது சோடியம் காபனேற்று. பன்னிரண்டு வோல்ட் பற்றரி சார்ஜரின் மறை முனை பாக்குவெட்டிக்கு, நேர் முனை ஒரு கொங்கிரீட் கம்பித் துண்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் பாக்குவெட்டிதான் கரையும். நேர் முனைக்குச் சில்வர் கரண்டி போடவே கூடாது, அதிலுள்ள குரோமியம் நஞ்சாக வெளியே வரும். ஐதரசன் குமிழி வருவதால் வாளியை முற்றத்தில் வைத்தோம், பக்கத்தில் சிகரட்டும் இல்லை. ஒரு இரவில் தண்ணீர் சேறாகிவிட்டது, துரு கறுப்புக் கூழாக வழன்று வந்தது. பிறகு மழைநீரில் அவித்து அவித்து ஊற்றினோம். ஒவ்வொரு தண்ணீரிலும் கொஞ்சம் எடுத்து நைத்திரிக்கமிலம் ஒரு துளி விட்டு, வெள்ளி நைத்திரேற்று இரண்டு துளி விட்டுப் பார்த்தார்கள் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள். முதல் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. ஏழாவதில் தெளிவு. பாடப் புத்தகத்தில் இருபது தரம் வாசித்தும் ஏறாதது அன்றைக்கு ஏறியது.

கடைசியில் கடுக்காய் அவித்த சாற்றைப் பூசினோம். அதிலுள்ள தனின் மிச்சத் துருவோடு சேர்ந்து கருநீலமாகப் பிடித்துக்கொள்ளும். அச்சாணிக்கு மண்ணெண்ணெய், பிறகு தையல் மெஷின் எண்ணெய். அலகைக் கல்லில் தீட்டினோம். முகமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருந்தாலும் வாய் திறந்தது.

உம்மா ஒரு கொட்டைப்பாக்கை வைத்து அமுக்கினா. டக்கென்று இரண்டாகப் பிளந்தது.

"உம்மா இருந்திருந்தா இண்டைக்கு ஏச்சு நிண்டிருக்கும்" என்றா. இன்னொரு பாக்கை எடுத்து வைத்துக்கொண்டு, "மத்தத பொலிசு திருப்பித் தருவானுகளா?" என்று கேட்டா.

"தர மாட்டாங்க உம்மா."

"நல்லம்" என்று சீவலை எங்கள் கையில் வைத்தா.