எவ்வளவு குடித்தாலும் ஏறாது என்பவருக்கு

"வேலைக்குத் தவறாமல் போகிறேன், தள்ளாடியதே இல்லை, எனக்கென்ன பிரச்சினை?" என்று கேட்பவர் அளவை மட்டுமே பார்க்கிறார். குடிப்பழக்கம் பிரச்சினையாகிவிட்டதா என்று கண்டறிய மருத்துவர் ஜான் யூயிங் 1984-இல் விளக்கிய நான்கு கேள்விகளில் 'எத்தனை மில்லி' என்பதே கிடையாது. குறைக்க வேண்டும் என்று தோன்றியதா, யாராவது குறை சொன்னால் எரிச்சல் வருகிறதா, குற்ற உணர்வு உண்டா, காலையில் எழுந்ததும் மது தேவைப்படுகிறதா? இரண்டுக்கு 'ஆம்' என்றாலே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். எவ்வளவு குடித்தாலும் ஏறாது என்பதை நம் ஊரில் தெம்பு என்கிறோம். மூளை மதுவுக்குப் பழகிவிட்டதன் அடையாளம் அது. காலையில் டீ கிளாஸைப் பிடிக்கும் விரல்கள் நடுங்கி, ஒரு மடக்கு மது உள்ளே போனதும் அடங்கினால், உடலே மதுவைச் சார்ந்துவிட்டது. "நினைத்தால் நாளைக்கே நிறுத்துவேன்" என்பார்கள். அந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். வீட்டார் வாங்கும் சத்தியம் அதற்குப் போதாது, மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.