வாசல்வரை சென்றோமா?



சமூகப்பணி பயின்ற நாட்களில் களப்பயிற்சிக்காக ஒரு நன்னடத்தை அலுவலகத்திற்கு அனுப்பப்பட்டேன். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி, சில குற்றங்களில் குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைக்கான பிணைப்பத்திரத்தின்பேரில் நீதிமன்றம் விடுவிக்கலாம். அவருடைய குணத்தையும் குடும்பச் சூழலையும் நேரில் விசாரித்து, நன்னடத்தை அலுவலர் அறிக்கை அளிப்பார்.

திருட்டு வழக்கில் சிக்கிய ஓர் இளைஞனைக் குறித்து வரைவு எழுதும்படி என்னைப் பணித்தார்கள். வழக்குக் கட்டை மட்டும் வாசித்துவிட்டு, "திருந்த வாய்ப்பில்லை" என்று எழுதினேன். அலுவலர் அதை வாசித்து, "தம்பி, அவன் தெருவுக்குப் போனீர்களா?" என்று மட்டும் கேட்டார். நான் தலைகுனிந்தேன்.

மறுநாள் அவருடன் சென்றேன். எதிர்வீட்டு வெல்டிங் பட்டறைக்காரர் எழுந்து வந்தார். "அவன் செய்தது தப்புதான் ஐயா. வந்தால் வேலை தருகிறேன், பிணையும் நிற்கிறேன்" என்றார். கட்டில் இல்லாத மனிதர் அவர். என் வரைவைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். குற்றத்தை மறைக்கவில்லை, பட்டறைக்காரரின் சொல்லையும் விடவில்லை. நீதிமன்றம் அவனை விடுவித்தது.

ஒநேசிமுவின் கடனைத் தன் கணக்கில் ஏற்ற பவுலை வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பட்டறைக்காரரே என் கண்முன் நிற்கிறார்.

அன்பானவர்களே, யாரைக் குறித்தாவது உங்கள் மனதில் அறிக்கை எழுதி முடித்துவிட்டீர்களா? கையொப்பமிடுமுன், ஒருமுறை அவர் வாசல்வரை சென்று வாருங்கள். கர்த்தர் உங்களோடிருப்பாராக. ஆமென்.