செவப்புக் கோடு போடாத தாள்

மக பிளஸ் டூ படிச்சப்ப அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி, அவ வேலைக்குப் போய்ப் புதுசு வாங்கினதும் என் கைக்கு வந்தது. அது 2017. அதுல எனக்கு இருந்தது ஒரே வேலைதான். எங்க அம்மா சொல்ற பழைய நெல்லு சங்கதிகளை எழுதி வைக்கணும்.

முதல்ல ஆபீசுல எல்லாம் வச்சிருப்பாங்களே, அந்தப் பெரிய மென்பொருளைத்தான் திறந்தேன். மேலே வரிசை வரிசையாப் பொத்தான். நான் அடிக்கிற ஒவ்வொரு தமிழ் வார்த்தைக்குக் கீழயும் செவப்புக் கோடு வேற. பள்ளிக்கூடத்துல தப்புக்குக் கோடு போட்ட ஞாபகம் வந்து கை நடுங்கிடுச்சு. மூடி வச்சிட்டேன்.

மக போன்ல சொன்னா: "அப்பா, அதெல்லாம் உங்களுக்கு வேணாம். நோட்பேடைத் திறங்க."

வெள்ளைத் தாள், கண் சிமிட்டுற ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். வரப்பு வெட்ட மண்வெட்டி போதும், டிராக்டர் எதுக்கு? எழுதுற வரி வலது பக்கமா ஓடிக்கிட்டே இருந்துச்சு. 'வேர்ட் ராப்'னு ஒண்ணைத் தட்டச் சொன்னா, மடங்கி வந்துச்சு. எழுத்தைப் பெருசாக்கினேன், கண்ணாடி இல்லாமலே தெரிஞ்சுது.

பத்து நாள் சாயங்காலம் அம்மா திண்ணையில உக்காந்து சொல்லச் சொல்ல அடிச்சேன். பூங்கார் மூணு மாசத்துல அறுப்புக்கு வரும், காட்டுயானத்துக்கு ஆறு மாசம் ஆகும், தண்ணி நின்னாலும் தாங்கும். அவங்க தாய் வீட்டுல மட்டும் விதைச்ச ஒரு நெல்லையும் சொன்னாங்க. ராத்திரி மடிக்கணினியை மூடுவேன், மறுநாள் திறந்தா எழுதினது அப்படியே நிக்கும். சேமிக்கணும்னே தோணலை.

பத்தாம் நாள்தான் சேமிச்சேன். இங்கிலீசுல ஏதோ ஒரு பெட்டி வந்துச்சு. படிக்காம 'ஓகே' அழுத்தி மூடிட்டேன். காலையில திறந்தா, நாத்து நட்ட மாதிரி வரிசையா கேள்விக்குறி. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

விஷயம் இதுதான். அப்போ நோட்பேடுல நாம மாத்தலைன்னா 'ஆன்சி' முறையில சேமிக்கும். அதுல தமிழுக்கு இடம் கிடையாது, 'யூடிஎஃப்-8'னு மாத்தணும். அதைத்தான் அந்தப் பெட்டி எச்சரிச்சிருக்கு. போன எழுத்து திரும்ப வராதுன்னு மக சொல்லிட்டா.

மறுபடி அம்மாகிட்ட உக்காந்தேன். "அன்னைக்கே எல்லாம் சொன்னேனேடா, நீதான் எழுதினியே"ன்னாங்க. பாதி வந்துச்சு. தாய் வீட்டு நெல்லோட பேரு மட்டும் வரலை. எழுதியாச்சேங்கிற தைரியத்துல நானும் அதை மனசுல வச்சுக்கலை.

ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிற பிள்ளைங்களுக்கு நான் சொல்றது இது. மொதல்ல நோட்பேடே போதும். நூறு வசதி இருந்தா நூறு பயம். ஆனா பழைய கணினியா இருந்தா யூடிஎஃப்-8 வச்சு முதல் தடவை நீங்களே சேமிச்சுக் கொடுங்க. 2019-க்கு அப்புறம் வந்த விண்டோஸ் 10-ல அதுவே அப்படித்தான் சேமிக்கும். ஒரு பத்தி எழுதினதும் கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தப் பழக்குங்க. ஃபைலை ஒரு தடவை மூடித் திறந்து பார்க்கச் சொல்லுங்க. பிரதி ஒண்ணை உங்களுக்கு மெயில் அனுப்பச் சொல்லுங்க.

அம்மா போய் ரெண்டு வருசம் ஆச்சு. நான் இன்னும் நோட்பேடுலதான் எழுதறேன், இதையும் அதுலதான் அடிச்சேன். அந்த நெல்லுப் பட்டியல்ல ஒரு வரியைக் காலியா விட்டு வச்சிருக்கேன். மன்னார்குடிப் பக்கம், செவப்பு அரிசி, மூக்கு மட்டும் கறுப்பு. உங்க வீட்டுப் பெரியவங்க யாராச்சும் பேரு சொன்னா எனக்கு எழுதுங்க.