இரு தரப்புக்கும் ஒரே சிற்பி

கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் வட படையின் துக்கத்தை வெண்கலத்தில் வார்த்தவர், தென் படையின் தோல்வியையும் வார்த்தார். ஒன்று நிற்கிறது, மற்றது இறக்கப்பட்டுவிட்டது.

வாஷிங்டனிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரப் பயணம். பென்சில்வேனியா மாநிலத்தின் சோளக் கொல்லைகளையும் ஆப்பிள் தோட்டங்களையும் கடந்தால் கெட்டிஸ்பர்க் வந்துவிடுகிறது. சின்ன ஊர்தான். ஆனால் ஊரைச் சுற்றியுள்ள மேடுகளிலும் வயல் ஓரங்களிலும் கண்ணில் படுவதெல்லாம் கல்லும் வெண்கலமும். தூண்கள், குதிரை வீரர்கள், துப்பாக்கியை நீட்டியபடி மண்டியிட்ட சிப்பாய்கள், வாய் பிளந்த பீரங்கிகள். மொத்தம் 1,300க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள். வெண்கலச் சிப்பாய்க்குப் பக்கத்து வயலில் நிஜ மாடு மேய்ந்துகொண்டிருக்கும்.

1863 ஜூலை 1, 2, 3. மூன்றே நாட்கள். அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள ஐக்கிய நாடுகளிலிருந்து பிரிந்து சென்ற தென் மாநிலங்களின் படை ஜெனரல் ராபர்ட் லீயின் தலைமையில் வடக்கே புகுந்தது. ஜெனரல் ஜார்ஜ் மீடின் படை அதை இங்கே எதிர்கொண்டது. இறந்தவர்கள், காயமடைந்தவர்கள், பிடிபட்டவர்கள், காணாமல் போனவர்கள் என இரு தரப்பிலும் சுமார் 51,000 பேர். அப்போது ஊரின் மக்கள்தொகையே சுமார் 2,400தான். லீ பின்வாங்கிய பிறகு, ஜூலை மாத வெயிலில் பிணங்களோடு விடப்பட்டது இந்தச் சிற்றூர்.

ஊரின் தென்புறத்து மேட்டில் இருக்கிறது போர்வீரர் தேசிய இடுகாடு. அதே ஆண்டு நவம்பர் 19 அன்று ஆபிரகாம் லிங்கன் தன் புகழ்பெற்ற சிற்றுரையை நிகழ்த்தியது இதன் திறப்பு விழாவில்தான். 3,500க்கும் மேற்பட்ட வட படை வீரர்கள் இங்கே அரைவட்ட வரிசைகளில், மாநில வாரியாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் 900க்கும் மேற்பட்டவர்களின் பெயர் தெரியவில்லை. நியூயார்க்கைச் சேர்ந்தவர்களே 860க்கும் மேல். அவர்களின் கல்லறைகளுக்கு அருகில் 93 அடி உயரத்தில் எழுகிறது நியூயார்க் மாநிலத்தின் நினைவுத் தூண். உச்சியில் வெண்கலப் பெண் ஒருத்தி. நியூயார்க் மாநிலத்தின் உருவகமான அவள் கையில் மலர் வளையம். கீழே கிடக்கும் தன் பிள்ளைகளுக்கு அதைச் சாத்தப் போகிறவள்போல நிற்கிறாள்.

அவளைச் செய்தவர் அமெரிக்காவில் பிறந்தவர் அல்ல. காஸ்பர் பூபர்ல் 1834ல் பொஹீமியாவில், இன்றைய செக் குடியரசில், பிறந்தவர். பிராகிலும் வியன்னாவிலும் சிற்பம் கற்று, 1854ல், இருபதாவது வயதில், நியூயார்க் வந்திறங்கினார். ஏழு ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. போர் முடிந்தபின் அடுத்த முப்பது ஆண்டுகள் சிற்பிகளுக்கு அறுவடைக் காலம். வீரனுக்கு நடுகல் நடுவதைப்போல ஒவ்வொரு மாநிலமும் படைப்பிரிவும் நகரமும் தன் வீரர்களுக்குச் சிலை கேட்டன. சிற்பி களிமண்ணில் உருவம் பிடிப்பார். அதைப் பிளாஸ்டரில் எடுத்து, அச்சுக் கட்டி, உருக்கிய செம்பும் வெள்ளீயமும் ஊற்றுவது வார்ப்படச் சாலையின் வேலை. பூபர்லுக்கு ஓய்வே இருந்திருக்காது.

இவரைப்போல் கடல் கடந்து வந்தவர்கள் இந்த இடுகாட்டின் தரைக்கு அடியிலும் இருக்கிறார்கள். வட படையில் சண்டையிட்டவர்களில் ஜெர்மனியில் பிறந்தவர்கள் மட்டும் சுமார் இரண்டு லட்சம். கெட்டிஸ்பர்க்கில் போரிட்ட 39வது நியூயார்க் படைப்பிரிவுக்கு 'கரிபால்டி காவற்படை' என்றே பெயர். அதில் இத்தாலியர், ஹங்கேரியர், ஜெர்மானியர், சுவிஸ்காரர் எல்லோரும் உண்டு. 'ஐரிஷ் பிரிகேட்'டின் நினைவாக 1888ல் நிறுவப்பட்ட கெல்டிக் சிலுவையின் அடியில் வெண்கல வேட்டை நாய் ஒன்று எஜமானனை இழந்த சோகத்தில் படுத்திருக்கிறது. அந்த நாயைச் செய்த வில்லியம் ஓ'டோனவன், தென் படையில் சேர்ந்து போரிட்டவர். போர்க்களத்தில் எதிரியாக இருந்தவர், சிற்பக்கூடத்தில் அஞ்சலி செலுத்துபவர் ஆனார்.

இந்தச் சிலைகளில் சிற்பியின் விருப்பத்தைவிடப் பணம் கொடுத்தவரின் விருப்பமே அதிகம் தெரியும். நியூயார்க்கின் நினைவுச் சின்னங்களுக்கான ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் டேனியல் சிக்கிள்ஸ். போரின் இரண்டாம் நாளில், மேலதிகாரி மீட் நிறுத்தச் சொன்ன இடத்தைவிட்டுத் தன் படையை முன்னே நகர்த்தி, அது சிதறக் காரணமானவர். அதே நாளில் பீரங்கிக் குண்டுக்குத் தன் வலது காலையும் பறிகொடுத்தவர். துண்டிக்கப்பட்ட கால் எலும்பை ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்கே அனுப்பிவைத்தார். செய்தது வீரமா, விபரீதமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். பூபர்லின் தூணைச் சுற்றியுள்ள வெண்கலப் புடைப்புச் சிற்பத்தில் அந்தச் சண்டைக்கு இடமில்லை. அதில் சிக்கிள்ஸ் காயம்பட்ட வீரர் மட்டுமே. ஜெனரல் ரெனால்ட்ஸின் மரணமும் ஹான்காக் காயமடைந்ததும் கூடவே உண்டு. 1893ல் தூண் திறக்கப்பட்டது. ஆணையத்தின் பணத்தில் பல ஆயிரம் டாலருக்குக் கணக்குக் காட்ட முடியாமல் 1912ல் சிக்கிள்ஸின் பதவி பறிபோனது.

பூபர்ல் வேலை செய்தது ஒரு தரப்புக்கு மட்டுமல்ல. நியூயார்க் தூணுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1889ல், வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் உள்ள வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகரில் 'அப்போமாட்டக்ஸ்' என்ற வெண்கலச் சிலையை வார்த்துக் கொடுத்திருந்தார். அப்போமாட்டக்ஸ், லீ சரணடைந்த இடம். கையில் ஆயுதம் இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, வடக்குக்கு முதுகைக் காட்டித் தெற்கே பார்த்தபடி நின்றான் அந்தத் தென் படைச் சிப்பாய். ஜான் எல்டரின் ஓவியத்தை ஒட்டிச் செய்த உருவம். நியூயார்க்கின் வெண்கலப் பெண்ணுக்கும் இந்தச் சிப்பாய்க்கும் பொதுவானது துக்கம். அதில் பூபர்ல் தேர்ந்தவர். அந்தத் துக்கம் எதற்காக என்ற கேள்விக்கு இரண்டு சிலைகளிலும் விடை கிடையாது.

விடை வேறோர் இடத்தில், போகிற போக்கில் கிடைக்கிறது. வாஷிங்டனில் போர்வீரர் ஓய்வூதியம் வழங்குவதற்காக 1880களில் கட்டப்பட்டு, இன்று தேசியக் கட்டட அருங்காட்சியகமாக இருக்கும் மாளிகையைச் சுற்றி 1,200 அடி நீளத்துக்குச் சுடுமண் சிற்ப வரிசை ஓடுகிறது. காலாட்படை, குதிரைப்படை, கடற்படை, காயமடைந்தோர் என்று பூபர்ல் வடித்த ஊர்வலம் அது. கட்டடத்தை வடிவமைத்தவர் மாண்ட்கோமரி மெய்க்ஸ். போரில் மகனைப் பறிகொடுத்த ராணுவ அதிகாரி. ஒரு வாயிலுக்கு மேலே வரும் சரக்கு வண்டியை ஓட்டுபவன் கறுப்பினத்தவனாக, போரால் விடுதலை பெற்ற அடிமையாக இருக்க வேண்டும் என்று அவர் சிற்பிக்குக் கண்டிப்பாகச் சொன்னார். பூபர்லும் அப்படியே செய்தார். எந்த மனிதர்களை முன்வைத்துப் போர் நடந்ததோ, அவர்களில் ஒருவனுக்கு அங்கே ஒரு வண்டியும் சவுக்கும் அளவு இடம் கிடைத்தது.

கெட்டிஸ்பர்க் வெண்கலத்தில் அந்த இடம்கூட இல்லை. போர் நடந்த மண்ணில் அவர்கள் இல்லாமலும் இல்லை. லீயின் படை வரும் வழியில், சுதந்திரமாக வாழ்ந்துவந்த கறுப்பின மக்களைப் பிடித்துத் தெற்கே அடிமைகளாக ஓட்டிச் சென்றது. செய்தி கேட்டு கெட்டிஸ்பர்க்கின் கறுப்பினக் குடும்பங்கள் பல வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடின. மூன்றாம் நாளின் உச்சகட்டச் சண்டை நடந்த மேட்டில் ஆபிரகாம் பிரையன் என்ற கறுப்பின விவசாயிக்கு 12 ஏக்கர் நிலம் இருந்தது. திரும்பி வந்தபோது வீடு சல்லடை, பயிர் மண். 1,028 டாலர் இழப்பீடு கேட்டார். கிடைத்தது 15 டாலர். அவருடைய சிறிய வெள்ளை வீடு சின்னங்களுக்கு நடுவே இன்றும் நிற்கிறது. பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் அதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

பேசில் பிக்ஸ் கதை இன்னும் கூர்மையானது. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காக அடிமை மாநிலமான மேரிலாண்டைவிட்டு இங்கே குடிவந்தவர். வயல்களில் அவசரமாகப் புதைத்த வட படை உடல்களைத் தோண்டியெடுத்துத் தேசிய இடுகாட்டில் மறுபடி புதைக்க, உடலுக்கு 1.59 டாலர் என்று ஒப்பந்தம் விடப்பட்டது. 1863 அக்டோபரிலிருந்து மறு ஆண்டு மார்ச் வரை அந்த வேலையை மண்வெட்டி பிடித்துச் செய்தவர்கள் பிக்ஸும் அவருடைய கறுப்பினத் தொழிலாளர்களும்தான். நியூயார்க் பெண் மலர் வளையம் சாத்தும் கல்லறைகளுக்கு உடல்கள் அவர்கள் கை வழியாகவே வந்து சேர்ந்தன.

காஸ்பர் பூபர்ல் 1899ல் நியூயார்க்கில் இறந்தார். 'அப்போமாட்டக்ஸ்' சிப்பாய் 131 ஆண்டுகள் நாற்சந்தியில் நின்றான். 2020ல், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் அமெரிக்கா கொந்தளித்த நாட்களில், ஜூன் 2 அன்று, சிலைக்குச் சொந்தக்காரர்களான அமைப்பினரே அவனை இறக்கி எடுத்துச் சென்றார்கள். அதே மாதத்தில் ரிச்மண்டில் பூபர்ல் வடித்த தென் படை பீரங்கி வீரனின் சிலையைக் கூட்டம் கயிறு கட்டிச் சாய்த்தது. தோற்றவர்களின் துக்கம் என்று ஒரு சாராருக்குத் தெரிந்தது, அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்கு அன்றாடம் கடந்து போக வேண்டிய அவமானமாகத் தெரிந்தது. செய்த கை ஒன்றே. நின்ற இடமும் சொன்ன பொருளும் வேறு.

கெட்டிஸ்பர்க்கில் நியூயார்க் தூண் அசையவில்லை. அதற்குக் கீழே இறந்தவர்கள் இருக்கிறார்கள். போர்க்களப் பூங்காவின் ஊழியர்கள் வெண்கலச் சிலைகளைக் கழுவி, மெழுகு பூசி, பச்சைக் களிம்பு தின்றுவிடாமல் காக்கிறார்கள்.

அங்கிருந்து சற்றுத் தொலைவில், ஊருக்குள், வீடுகளுக்கு நடுவே லிங்கன் இடுகாடு என்று ஒன்று இருக்கிறது. 1867ல் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று ஏற்படுத்திக்கொண்டது. வட படையின் கறுப்பினப் பிரிவுகளில் போரிட்டவர்கள் சுமார் 30 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். மேட்டின் மேலுள்ள தேசிய இடுகாடு அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. பேசில் பிக்ஸும் அங்கேதான். தூணும் வெண்கலப் பெண்ணும் அங்கே கிடையாது. முழங்கால் உயரக் கற்கள், அவற்றில் பெயர்கள்.