எலும்பின் நிழலும் நோவின் உண்மையும்

1895ஆம் ஆண்டில் றொண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த நாள் முதல், தோலைக் கிழியாமலே முறிந்த எலும்பைக் காணும் பேறு மனிதருக்குக் கிடைத்தது. ஆயினும் அக்கதிருக்கும் ஓர் எல்லையுண்டு. குருதியிற் கலந்த மோர்பினையோ பெதடினையோ அது காட்டாது. அவை உடலில் விட்டுச் சென்ற சுவடுகள் சிலவற்றையே காட்டும். அன்புவழிபுரத்திற் பிறந்து, கதிர்ப்பட அறைகளில் முப்பதாண்டுகளுக்கு மேல் ஊழியம் புரிந்தவன் என்ற முறையில், அச்சுவடுகளைப் பற்றிச் சில கூற விழைகிறேன்.

எலும்பு முறிந்தோர்க்கு அபினிலிருந்து வந்த மருந்துகளும் அவற்றை ஒத்தனவும் பெருந்துணையாவன. அவற்றை இகழ்தல் நன்றி மறத்தலாகும். எனினும், முறிவு ஆறிய பின்னும் அவற்றை விட இயலாது தவிப்போர் சிலர் உளர்.

2017ஆம் ஆண்டில், தொடையெலும்பு முறிந்து ஆறிய இளைஞர் ஒருவர் இடுப்புவலி என்று மீண்டும் மீண்டும் வந்தார். எலும்பு செவ்வனே பொருந்தியிருந்தது. "மருந்துக்காக நடிக்கிறான்" என்று ஒருவர் என் காதுபடக் கூறினார். நான் எடுத்த படத்திலோ, தொடைத் தசையினுள் மயிரிழை போன்றதோர் ஊசிமுனைத் துண்டு தெரிந்தது. அருகே சுண்ணாம்புப் படிவுகள். பெருங்குடலில் இறுகிய மலம். அபின் வகை மருந்துகள் குடலின் அசைவை மந்தமாக்கும். ஆனால் நாட்பட்ட படுக்கையும் அவ்வாறே செய்யும். மருந்தை முறையாக உண்பவர்க்கும் மலச்சிக்கல் நேரும். ஊசித்துண்டும் பழைய சிகிச்சையில் தங்கியதாக இருக்கலாம். ஆதலால் கண்டதைக் கதிரியல் வைத்தியரிடம் காட்டினேன், தீர்ப்பேதும் கூறவில்லை.

எலும்பு வைத்தியர் அவ்விளைஞரைத் தனியே அழைத்து, "தம்பி, உம்மைப் பிடித்துக் கொடுக்கக் கேட்கவில்லை, உமது நோவைத் தீர்க்கவே கேட்கிறேன்" என்றார். நெடுநேரம் தலைகுனிந்திருந்தவர், வெளியே வாங்கிய மருந்தைத் தாமே ஊசி வழி ஏற்றி வந்ததைச் சொன்னார். அச்சொல்லே அவரைக் காத்தது. தூய்மையற்ற ஊசி வழியே புகும் கிருமிகள், குருதியோடு சென்று முள்ளந்தண்டின் இடைத்தட்டுகளையும் இடுப்பு மூட்டுகளையும் பற்றுவதுண்டு. தொடக்க வாரங்களில் சாதாரண எக்ஸ் கதிர்ப்படம் குறையற்றதாகவே தோன்றக்கூடும். காந்த அதிர்வுப் படம் அதனை முந்திக் காட்டும். அவ்வாறே அவரது கீழ்முதுகில் தொற்று வெளிப்பட்டது. நடிப்பென்று இகழப்பட்ட நோவு மெய்யான நோவே! பல வாரச் சிகிச்சையாலும், பழக்கத்தைப் படிப்படியாகக் குறைத்த கவனிப்பாலும் அவர் நலமுற்றார்.

நம் நாட்டில் ஹெரோயினை ஊசியால் ஏற்றுவோரினும் புகையாக இழுப்போரே மிகுதி. அன்னோரது எலும்புப் படத்தில் யாதொரு சுவடும் இல்லாதிருக்கலாம். 1982ஆம் ஆண்டில் நெதர்லாந்து மருத்துவர்கள், ஹெரோயின் ஆவியை இழுத்தோரின் மூளை வெண்பொருள் சிதைந்ததை விவரித்தனர். அத்தகைய கேடு அரிது. ஆகவே, படம் தூயதாயிருப்பதால் பழக்கம் இல்லையென்றும் கொள்ளலாகாது.

மருத்துவம் பயிலப் போகும் இளைய மாணவர்களே! படம் ஐயத்தை எழுப்பலாம்; குற்றஞ்சாட்ட அதற்கு உரிமையில்லை. கண்டதை வழுவின்றி எழுதுங்கள். நோயாளியைத் தனியே, மரியாதையோடு வினவுங்கள். மருந்தைத் திடீரென நிறுத்தி அவரைத் துன்புறுத்தாதீர்கள். பழக்கத்திற்கு அடிமையானவரின் நோவையும் நோவென்றே மதித்து ஆராய்வதுதான் நம் தொழிலின் அறம்.