கடலிலிருந்து கோணமலை



லிங்கநகரில் எங்கள் தையல் வகுப்பு நடக்கும் மண்டபத்தில் பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஒரு நாள் மதிய இடைவேளையில் அதில் எகிப்து நாட்டைப் பற்றிய நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. நைல் நதியில் லக்சர் நகரிலிருந்து அஸ்வான் நோக்கி ஒரு கப்பல் மெதுவாகச் செல்கிறது. வழியில் எட்ஃபு, கொம் ஓம்போ ஆகிய துறைகளில் நிற்கிறது. வெளிநாட்டவர்கள் இறங்கி, இரண்டாயிரம் மூவாயிரம் ஆண்டு பழைமையான கோவில்களைச் சுற்றிப் பார்க்கிறார்கள். வழிகாட்டி ஒருவர் கையை நீட்டி நீட்டிக் கதை சொல்கிறார்.

“மிஸ், எங்கட கோணேசரையும் ஒருக்கா கடலில இருந்து பார்த்தால் என்ன?” என்று வகுப்பில் இளையவளான ஒருத்தி கேட்டாள்.

நான் மற்றவர்களைப் பார்த்தேன். பதினொரு பேரில் ஒருவராவது கோணேசர் கோவிலைக் கடலிலிருந்து பார்த்ததில்லை. எல்லோரும் கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் படகில் ஏறிய நாட்களை எண்ணச் சொன்னால், அவற்றில் பாதி உயிர் தப்பி ஓடிய நாட்களாக இருக்கும். பார்க்கவென்று படகில் போவது அவர்களுக்குப் புதிய விடயம்.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை போவதென்று முடிவு செய்தோம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை திருகோணமலைக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மாரியில் இந்தப் பக்கம் படகில் உல்லாசமாகப் போக முடியாது.

காலை ஆறரை மணிக்கு உப்புவெளிக் கடற்கரையில் நின்றோம். படகோட்டித் தம்பி ஒரு கொப்பியை நீட்டி, “எல்லாரும் பேரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதுங்கோ” என்றார். அதுவரை பகிடி விட்டுக்கொண்டிருந்தவர்கள் உடனே அமைதியானார்கள். பெயர்ப்பட்டியல் என்றால் எங்களுக்கு வேறு ஞாபகங்கள் வருகின்றன. “கடலில ஏதும் நடந்தால் கணக்குத் தெரிய வேணும் அக்கா, வேற ஒண்டுமில்லை” என்று அவர் விளங்கப்படுத்திய பின்புதான் பேனை கை மாறியது.

சம்பூரைச் சேர்ந்த ஓர் அக்கா மட்டும் கொப்பியை வாங்கவில்லை. சாப்பாட்டுப் பார்சல் பையைப் பிடித்துக்கொண்டு, “நான் கரையில நிக்கிறன் பிள்ளை. நீங்கள் போட்டு வாங்கோ” என்றார்.

அவருடைய கணவர் 2006 இல் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அந்த ஆண்டு சம்பூர் மக்கள் முழுவதுமாக இடம்பெயர்ந்தார்கள். பலர் மட்டக்களப்புக்குப் போய், பின்னர் கிளிவெட்டிப் பக்கத்து முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். 2015, 2016 ஆம் ஆண்டுகளில்தான் காணிகள் விடுவிக்கப்பட்டன. இந்த அக்கா மகளோடு லிங்கநகரிலேயே தங்கிவிட்டார். இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், கடல் பயணத்துக்கு ஒழுங்கு செய்யும்போது அவரிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. சமூகவியல் படித்தேன், பத்து வருடங்களுக்கு மேலாக இந்த வேலை செய்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் என்ன பயன் என்று அந்த இடத்தில் வெட்கப்பட்டேன்.

படகு சிறியது. இரண்டு தடவையாகத்தான் போக வேண்டும். முதல் தடவை ஆறு பேரோடு நானும் ஏறினேன். அக்காவுக்குத் துணையாக மற்றவர்கள் கரையில் இருந்தார்கள்.

சூரியன் மேலே வந்துகொண்டிருந்தது. சுவாமி மலையை நெருங்க நெருங்கப் பேச்சு நின்றுவிட்டது. கோவிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு அது ஒரு சிறிய ஏற்றம். கீழேயிருந்து பார்த்தால் முந்நூறு அடிக்கு மேலே செங்குத்தாக நிற்கும் கருங்கற்சுவர். இராவணன் வெட்டு என்று சொல்லப்படும் பிளவு உச்சியிலிருந்து இறங்குகிறது. திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பதிகத்தில் பாடிய தலம் இதுதான். ஒருவர் படகில் இருந்தபடியே கைகூப்பினார்.

படகோட்டித் தம்பி இயந்திரத்தை மெதுவாக்கிவிட்டுச் சொன்னார். பழைய கோவிலை 1622 இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். எஞ்சியவை கடலில் விழுந்தன. 1956 இல் ஆதர் சி. கிளார்க் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இந்த இடத்தில் சுழியோடி, கோவில் தூண்களும் கற்களும் அடியில் கிடப்பதைக் கண்டார்கள். கடலிலிருந்து எடுத்த ஒரு லிங்கம் இன்று மேலே கோவிலில் இருக்கிறது. 1950 இல் கிணறு வெட்டியபோது புதைத்து வைத்த பழைய விக்கிரகங்களும் கிடைத்தன. 1963 இல் புதிய கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது.

“அப்ப நாங்கள் கோவிலுக்கு மேலயோ மிதக்கிறம்?” என்று இளையவள் கேட்டாள். எல்லோரும் தண்ணீரை எட்டிப் பார்த்தோம்.

கோட்டை பிறகு ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1795 இல் ஆங்கிலேயர் கைப்பற்றி, 1803 இல் பிரட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். வாசலைக் கடக்கும்போது பக்கத்துக் கல்லைக் கவனித்துப் பாருங்கள். பாண்டியரின் இரட்டை மீன் சின்னமும் உடைந்த தமிழ்க் கல்வெட்டும் அதில் இருக்கின்றன. எத்தனையோ தடவை அந்த வாசலால் போயிருக்கிறோம். அடையாள அட்டையைத் தேடிய அவசரத்தில் ஒரு நாளும் நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

மலையில் நிற்கும் ஒரு தூணைப் பற்றியும் தம்பி சொன்னார். பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண்ணின் நினைவாக 1687 ஏப்ரல் 24 ஆந் திகதி நாட்டியது. காதலன் கைவிட்டுக் கப்பலேற, அவள் உச்சியிலிருந்து குதித்து இறந்தாள் என்பது கதை. உண்மையில் அவள் குதிக்கவில்லை, பிறகு திருமணம் செய்து வாழ்ந்தாள் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

மலையைச் சுற்றித் தெற்குப் பக்கம் வந்ததும் கொட்டியாரக் குடா திறந்தது. அக்கரை நீலக்கோடாகத் தெரிந்தது. எங்களோடு மூதூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் சகோதரியும் இருந்தார். அவரும் 2006 ஆவணியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு ஓடியவர். அவர் எழும்பி நின்று, “அந்தா எங்கட பக்கம்!” என்றார். பிறகு அவரே வழிகாட்டியாகிவிட்டார். 1660 இல் ஆங்கிலக் கப்பலொன்று அந்தக் குடாவில் தங்கியதும், மூதூரில் ஒரு புளியமரத்தின் கீழ் இருந்த கப்பல் தலைவரைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்ததும், அவருடைய மகன் றொபேட் நொக்ஸ் பத்தொன்பது வருடங்கள் கைதியாக இருந்து தப்பிப் போய் 1681 இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் எழுதியதும் அவர் வாயால் வந்தன. பாடசாலையில் ஓர் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தாராம். படகோட்டித் தம்பி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

கரைக்குத் திரும்பியதும் அந்தச் சகோதரி நேரே சம்பூர் அக்காவிடம் போனார். “அக்கா, உங்கட பக்கத்து வெளிச்சவீடும் தெரியுது. வாங்க, நான் இன்னொருக்கா வாறன்.” அக்கா பதில் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் மணலில் அமர்ந்திருந்தார்கள். பிறகு அக்கா பார்சல் பையை என் கையில் தந்துவிட்டுக் கொப்பியைக் கேட்டார்.

இரண்டாவது பயணத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சகோதரியின் கையைப் பிடித்தபடி இருந்தார். மலையையும் பார்க்கவில்லை, தூணின் கதைக்கு மட்டும், “செத்தவளெண்டு சொன்னால்தான் தூண் வைப்பினம். உயிரோட கிடந்து பிள்ளை வளர்த்தவளுக்கு ஆர் வைக்கிறது?” என்றார். குடா திறந்தபோது கண்ணைத் திறந்தார். வெளிச்சவீட்டைக் காட்டினார். பாலங்கள் இல்லாத காலத்தில் மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லோஞ்சில் வந்ததைச் சொன்னார். எந்த இடத்தில் அலை கூடுதலாக அடிக்கும், எந்தத் திசையில் கணவர் வலை போடுவார் என்று சொன்னார். கணவரின் பெயரையும் சொன்னார். எங்கள் வகுப்புக்கு வந்த நான்கு வருடத்தில் அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அன்று இரவு எனக்கு நைல் நதிக் கப்பல் மீண்டும் நினைவுக்கு வந்தது. அஸ்வானில் பெரிய அணை கட்டியபோது அபு சிம்பல் கோவில் நீரில் மூழ்கவிருந்தது. 1964 முதல் 1968 வரை உலக நாடுகள் சேர்ந்து பணம் போட்டு, கோவிலை ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, இலக்கமிட்டு, 65 மீற்றர் உயரத்தில் திரும்பப் பொருத்தினார்கள். மிகப் பெரிய வேலைதான். அதே அணைக்காக எகிப்தில் மட்டும் ஐம்பதினாயிரம் அளவிலான நூபிய மக்கள் ஊர்களை இழந்து, கொம் ஓம்போவுக்கு அருகே புதிய குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பிப் போகும் உரிமையை அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டு வந்திருக்கிறார்கள். கல்லுக்கு இலக்கமிட்டு எழுதிய அக்கறையில் ஒரு பங்கு அந்தக் குடும்பங்களின் கதைகளுக்கும் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கோணேசர் கோவிலின் கல்லை நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். அது தேவையானதுதான். எங்கள் ஊர்களின் கதையை யார் சேர்த்து வைப்பது? நாங்கள்தான். இப்போது எங்கள் வகுப்பில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் தன் ஊரில் ஓர் இடத்தைப் பற்றிச் சொல்கிறார். எழுதத் தெரிந்தவர் எழுதுகிறார். கிணறு, மரம், கோவில், பள்ளிவாசல், இறங்குதுறை எதுவாகவும் இருக்கலாம். சொல்ல விருப்பமில்லாதவரை யாரும் வற்புறுத்துவதில்லை.

சகோதரிகளே, உங்கள் சங்கத்திலும் இதைச் செய்து பாருங்கள். படகில் போவதானால் இரண்டு விடயங்களை மறக்க வேண்டாம். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். 2021 கார்த்திகையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளையும் இழந்தோம். மற்றது, போக முன்னர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.

கொப்பியின் முதல் பக்கத்தில் இருப்பது சம்பூர் அக்கா சொன்னது. வெளிச்சவீட்டைப் பற்றியும், அதற்கு நேரே வலை போட்ட ஒரு மனிதரைப் பற்றியும்.