விருந்துக் கிண்ணமும் வீட்டுக் கணக்கும்

கரும்பின் வழிவந்த ரம்மும் திராட்சையின் வழிவந்த நுரைமதுவும் ஒரே கிண்ணத்தில் கூடுவது நம்மவர்க்குப் புதிது. நியூயார்க்கில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்ரி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் வகுத்த ‘ஓல்ட் கியூபன்’ அத்தகையது. ரம் 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 22, சர்க்கரைப்பாகு 30, புதினா ஆறு இலை, கசப்புச் சாறு இரு சொட்டு. இவற்றைப் பனிக்கட்டியுடன் குலுக்கி வடித்து, குளிர்ந்த நுரைமது 60 மில்லியை இறுதியில் மெல்ல வார்த்தல் வேண்டும். அதனையும் சேர்த்துக் குலுக்கினால் கரியமில வாயு வெளியேறிச் சுவை கெடும்.

சென்ற ஆண்டிறுதியில் இதனை டெலானிபூரிலுள்ள எம் இல்லத்தில் செய்ய மைத்துனர் விரும்பினார். குடியால் நிலம் இழந்து தீவு சேர்ந்த குடும்பம் எமது. மூத்தோர் முகம் சுளித்தனர். மறுத்தாலோ இளையோர் வெளியே சென்று அளவின்றி அருந்துவர். ஆகவே இசைந்தோம்.

நிற்க. கணக்கையும் பார்ப்போம். நம் நாட்டு ரம்மில் சாராயச் சத்து பெரும்பாலும் 42.8 விழுக்காடு, நுரைமதுவில் ஏறக்குறைய 12. ஆக, ஒரு கிண்ணத்தில் 26 மில்லி. இது 30 மில்லி ரம்மை இருமுறை அருந்துவதற்கு ஒப்பாகும். இனிப்பும் புளிப்பும் அவ்வன்மையை நாவுக்கு மறைத்துவிடுகின்றன.

இதனைத் தாளில் எழுதிக் காட்டியதும், “ஒன்று போதும், அத்தான்” என்றார் மைத்துனர். மற்றையோர்க்கு வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்த்த பானகம். மூத்தோரும் அதே பந்தியில் அமர்ந்தனர்.

விருந்தளிக்கும் அன்பர்கள் புட்டியைத் திறக்குமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பார்களாக.